ஆறு மாதத்துக்குப் பிறகு மூடிக்கொள்ளும் ஜீன்

“பிறந்தப்ப நல்லா கொழுகொழுன்னுதான் இருந்தான். ஆறு மாசம் கழிச்சுத்தான் வெளுக்க ஆரம்பிச்சான்.” தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள பிள்ளையின் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் கதை தொடங்கும், ரங்கூனானாலும் சரி, மொல்மீனானாலும் சரி. பர்மாவில் இது அரிய நோய் இல்லை. ஹீமோகுளோபின் ‘ஈ’ என்ற மாற்றம் பர்மியர்களிடையே பரவலாக இருக்கிறது. பீட்டா தலசீமியா அவர்களிடமும் உண்டு, இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பங்களிலும் உண்டு. தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் இன்னொன்று என்று இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் ரத்தசோகை கடுமையாகிவிடலாம். சில பிள்ளைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

சரி, அந்த அம்மா சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழுதான ஜீன் ஆறாவது மாதத்தில் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. கரு உருவான அன்றே அது இருந்தது. அப்படியானால் வயிற்றுக்குள் ஒன்பது மாதமும், வெளியே வந்து முதல் சில மாதங்களும் பிள்ளை எப்படிச் சமாளித்தது?

வேறொரு ஜீன் வேலை செய்துகொண்டிருந்தது, அதுதான் காரணம். ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதத் துண்டுகள் சேர்ந்தது: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. இது பெரியவர்களின் ரத்தத்தில். கருவில் இருக்கும்போது பீட்டாவின் இடத்தில் காமா என்ற துண்டு இருக்கும். பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதி இந்தக் காமா வகைதான். பிறகு மாதாமாதம் காமா குறைந்து பீட்டா ஏறும். ஒரு வயதை ஒட்டிக் காமா வகை ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். பீட்டா ஜீன் நன்றாக உள்ள பிள்ளைக்கு இந்த மாற்றம் நடந்ததே தெரியாது. பீட்டா பழுதான பிள்ளைக்கு, கைகொடுத்துக்கொண்டிருந்த காமா விலகும்போதுதான் நோய் வெளியே வருகிறது.

காமா ஜீன் எங்கேயும் போய்விடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். தலசீமியா உள்ள பிள்ளையிடமும், உங்களிடமும், என்னிடமும் அது எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. மூடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூடியது யார், எப்படி மூடினார்கள், மறுபடி திறக்க முடியுமா? இதைப் புரிந்துகொள்ள இரண்டு பெயர்கள் தெரிந்தால் போதும். ஒன்று குரோமாட்டின், மற்றொன்று படியெடுப்புக் காரணி.

முதலில் குரோமாட்டின். ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு நீளத்தை அவ்வளவு சிறிய இடத்தில் வைக்க வேண்டுமானால் சுற்றித்தான் வைக்க வேண்டும். சுற்றுவதற்கு ஹிஸ்டோன் என்ற புரதங்கள் இருக்கின்றன. நான்கு வகை, வகைக்கு இரண்டு, ஆக எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு சிறு உருளையாகும். அதைச் சுற்றி டி.என்.ஏ.வின் 147 எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வகை அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்), ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகப் படிந்திருக்கும். இந்த ஒரு சுற்றுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். அடுத்து கொஞ்ச தூரம் வெறும் டி.என்.ஏ., அப்புறம் இன்னொரு நியூக்ளியோசோம். இப்படி ஒரு செல்லுக்குள் சுமார் 3 கோடி. டி.என்.ஏ.வும் புரதமும் கலந்த இந்த முழுத் தொகுப்புதான் குரோமாட்டின்.

டி.என்.ஏ. எதிர்மின் தன்மை கொண்டது, ஹிஸ்டோன்கள் நேர்மின் தன்மை கொண்டவை. அதனால் பிடி இறுக்கமாக இருக்கிறது. 1997இல் நியூக்ளியோசோமின் அமைப்பை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டியபோது இந்தப் பிடி எங்கெங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. டி.என்.ஏ.வின் ஒரு பக்கம் ஹிஸ்டோன்மேல் சாய்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்து எழுத்துகளைப் படிக்க வழியில்லை. ஒரு ஜீன் வேலை செய்ய வேண்டுமானால் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி அதன் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்து பிரதி எடுக்க வேண்டும். அந்த இடத்திலேயே ஒரு நியூக்ளியோசோம் உட்கார்ந்திருந்தால் நொதிக்கு இடமில்லை. ஆக, சுற்றி வைப்பது இடத்தை மிச்சப்படுத்த மட்டும் இல்லை, அது பூட்டாகவும் பயன்படுகிறது.

நியூக்ளியோசோமைத் தள்ள ஆள் வேண்டுமே? அதற்கென்றே செல்லுக்குள் புரத இயந்திரங்கள் இருக்கின்றன. குரோமாட்டின் மாற்றியமைப்பிகள் என்று சொல்லலாம். மொத்தம் நான்கு குடும்பங்கள். ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து நியூக்ளியோசோமைச் சில எழுத்துகள் தள்ளி நகர்த்தும், சில நேரம் முழுதாகவே பிடுங்கி எறியும், இன்னும் சில நேரம் ஒரு ஹிஸ்டோனை எடுத்துவிட்டு வேறு ரகத்தை வைக்கும். இவற்றில் பேர்போனது ஸ்விட்ச்-ஸ்னிஃப். இதைக் கண்டுபிடித்த விதமே வேடிக்கையானது. 1984இல், சர்க்கரையைப் பயன்படுத்தத் தெரியாத ஈஸ்ட்டுகளைச் சிலர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள், இனச்சேர்க்கை வகையை மாற்றிக்கொள்ளத் தெரியாத ஈஸ்ட்டுகளை வேறு சிலர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் தனித்தனியே பிடித்த ஜீன்கள் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் என்பது பின்னால்தான் தெரியவந்தது. ஈஸ்ட்டோடு போயிற்று என்று விடவும் முடியாது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த இயந்திரத்தின் ஏதாவது ஒரு பாகத்தில் பழுது காணப்படுகிறது.

பலம் இருக்கிறது, ஆனால் இந்த இயந்திரத்துக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. 3 கோடி நியூக்ளியோசோம்களில் எதைத் தள்ளுவது என்று தானாக முடிவு செய்ய அதனால் முடியாது. இங்கேதான் படியெடுப்புக் காரணிகள் வருகின்றன. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரு சிறு எழுத்து வரிசையை அடையாளம் கண்டு அதன்மேல் உட்காரும் புரதங்கள் இவை. மனிதனிடம் சுமார் 1,600 வகை உண்டு. ஒவ்வொன்றும் படிப்பது பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு எழுத்துகள். உட்காரும்போது இவை தனியாக இருப்பதில்லை. உடலின் ஒரு பகுதியால் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு, மறுபகுதியால் அந்த இயந்திரங்களை இழுத்து வருகின்றன.

ரங்கூன் நடுநகரத்துப் பழைய மாடிக் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. வந்தவர் கயிற்றை இழுப்பார், மணி அடிக்கும், மேலே இருப்பவர் சாவியைக் கயிற்றில் கட்டி இறக்குவார். தெருவில் நிற்பவருக்கு எந்தக் கயிறு யாருடையது என்று தெரியும், ஆனால் கையில் சாவி இல்லை. மேலே இருப்பவரிடம் சாவி இருக்கிறது, கூப்பிடாமல் அவர் எழுந்து வரப் போவதில்லை. படியெடுப்புக் காரணி கயிற்றை இழுப்பவர், மாற்றியமைப்பி சாவி வைத்திருப்பவர். ஒப்புமை இதற்குமேல் ஓடாது. ரங்கூனில் வீட்டுக்கு வீடு ஆள் வேறு, செல்லுக்குள்ளோ அதே சில வகை இயந்திரங்கள்தான் எல்லா வாசலுக்கும் போகின்றன. அதனால் யார் எங்கே கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. கல்லீரல் செல்லுக்கும் மூளைச் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான், கூப்பிடும் காரணிகள்தான் வேறு.

ஒரு காரணியைக் கிட்டத்தில் பார்ப்போம். ரத்தச் சிவப்பணு உருவாவதற்கு இன்றியமையாதது காட்டா-1. ஜி-ஏ-டி-ஏ என்ற நான்கு எழுத்துகளைத் தேடுவதால் இந்தப் பெயர். அதன் முழு முகவரி ஆறு எழுத்து: முன்னால் ஏ அல்லது டி, நடுவில் ஜி-ஏ-டி-ஏ, பின்னால் ஏ அல்லது ஜி. இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான்கு வகை எழுத்துகளை வைத்து ஆறு எழுத்துச் சொற்கள் 4,096 செய்யலாம். அதில் நான்கு சொற்கள் நம் காட்டாவுக்குப் பொருந்தும். ஆக 1,024 இடங்களுக்கு ஒன்று. டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள், இரண்டிலும் தேடலாம் என்பதால் சுமார் 500 எழுத்துக்கு ஒன்று. மனித மரபுத் தொகுதி 300 கோடி எழுத்து. அப்படியானால் வெறும் தற்செயலாகவே 60 லட்சம் இடங்களில் இந்த முகவரி கிடைக்கும்!

ஆனால் செல்லுக்குள் காட்டா-1 நிஜமாக உட்காரும் இடங்களை எண்ணிப் பார்த்தால், அதில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. மிச்சம் உள்ள முகவரிகளில் பெரும்பாலானவை நியூக்ளியோசோமுக்குள் புதைந்து கிடக்கின்றன. மற்றவற்றில் பக்கத்துணை இல்லை. முகவரி மட்டும் போதாது, பக்கத்தில் வேறு காரணிகளின் முகவரிகளும் கூட்டாக இருந்தால்தான் இடம் நிலைக்கும். பல காரணிகள் நெருக்கமாக வந்து உட்காரும்போது நியூக்ளியோசோமுக்கு அங்கே திரும்பி வர இடமிருக்காது.

கவனமாகப் படிப்பவர் இங்கே மடக்கிவிடலாம். முகவரி சுற்றுக்குள் புதைந்திருந்தால் காரணிக்குப் படிக்க முடியாது. காரணி படித்தால்தான் சுற்று அவிழும். அப்புறம் முதல் கதவு எப்படித் திறக்கும்? இதற்கு விடை முன்னோடிக் காரணிகள் என்ற ஒரு தனி ரகம். சுற்றப்பட்ட டி.என்.ஏ.விலும், வெளிப்பக்கம் தெரிகிற கொஞ்சம் எழுத்துகளை வைத்தே முகவரியைப் பிடித்துவிடும் திறமை இவற்றுக்கு உண்டு. கல்லீரல் உருவாவதில் பங்கு பெறும் ஃபாக்ஸ்-ஏ இதற்கு முதல் உதாரணம். அது போய் உட்கார்ந்து இடத்தைத் தளர்த்துகிறது, பிறகு மற்ற காரணிகளும் இயந்திரங்களும் வருகின்றன. ஜப்பானில் ஷின்யா யமானக்கா 2006இல் எலியின் தோல் செல்களுக்குள் நான்கு காரணிகளை மட்டும் கூடுதலாகச் செலுத்தி, அவற்றைக் கருநிலைச் செல்கள்போல் மாற்றிக்காட்டினார். 2012இல் நோபல் பரிசும் வந்தது. நான்கு புரதங்களால் ஒரு செல்லின் மொத்தத் திறப்பு மூடலையும் புரட்டிப்போட முடிந்ததற்கு, அவற்றில் சிலவற்றின் இந்த முன்னோடித் திறமை முக்கியக் காரணம்.

பாடப்புத்தகப் படங்கள் ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றுகின்றன என்று நினைக்கிறேன். காரணி ஒன்று டி.என்.ஏ.மேல் பசை போட்டதுபோல் ஒட்டியிருப்பதாக வரைந்திருப்பார்கள். உயிருள்ள செல்லில் ஒற்றை மூலக்கூறைப் பின்தொடர்ந்து பார்த்தால், பெரும்பாலான காரணிகள் ஓர் இடத்தில் சில வினாடிகளே தங்குகின்றன. வந்து, இழுத்து, போய்விடுகின்றன. அடுத்தது வருகிறது. ஜீன் ‘திறந்திருக்கிறது’ என்று நாம் சொல்வது, இந்த ஓயாத வரத்துப் போக்கின் சராசரியைத்தான்.

இனி காமா ஜீனுக்கு வருவோம். பீட்டா குடும்பத்து ஜீன்கள் 11ஆம் குரோமோசோமில் வரிசையாக இருக்கின்றன: முதலில் கரு உருவாகும் தொடக்க வாரங்களுக்கான எப்சிலான், பிறகு இரண்டு காமா, டெல்டா, கடைசியில் பீட்டா. இந்த வரிசைக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. காட்டா-1 தன் கூட்டாளிகளோடு அங்கே உட்காருகிறது. இடையில் உள்ள டி.என்.ஏ. வளைந்து கொடுக்க, அந்தப் பகுதி எந்த ஜீனைத் தொடுகிறதோ அந்த ஜீன் வேகமாக வேலை செய்யும். கருவில் காமாவைத் தொடுகிறது, பிறகு பீட்டாவைத் தொடுகிறது. பீட்டா ஜீனின் வாசலில் கே.எல்.எஃப்-1 என்ற காரணி உட்கார்ந்து, நாம் மேலே பார்த்த ஸ்விட்ச்-ஸ்னிஃப் இயந்திரத்தையே அழைத்து வந்து நியூக்ளியோசோமை விலக்க வைக்கிறது.

அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதி எவ்வளவு முக்கியம் என்பதைச் சில நோயாளிக் குடும்பங்களே காட்டிக்கொடுத்தன. அவர்களுக்குத் தலசீமியா. ஆனால் பீட்டா ஜீனைப் படித்துப் பார்த்தால் ஒரு எழுத்துகூட மாறியிருக்கவில்லை. தொலைவில் இருந்த கட்டுப்பாட்டுப் பகுதிதான் அறுந்து போயிருந்தது. ஜீன் முழுதாக இருந்தும் அதைச் சுற்றியுள்ள குரோமாட்டின் மூடியே கிடந்தது. ‘ஜீன் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும்’ என்ற நம் நினைப்புக்கு இதைவிடச் சரியான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

திறப்பதற்குக் காரணிகள் இருப்பதுபோல மூடுவதற்கும் உண்டு. காமாவை மூடும் முக்கிய ஆள் பி.சி.எல்-11ஏ. காமாவைப் பெரியவர்களிலும் சற்று அதிகமாக வைத்திருப்பவர்களின் மரபுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, 2007, 2008 வாக்கில் இந்தப் பெயர் மேலே வந்தது. அதுவரை இதற்கும் ஹீமோகுளோபினுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. காமா ஜீன் தொடங்கும் இடத்துக்கு 115 எழுத்து முன்னால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறெழுத்து முகவரி இருக்கிறது. பி.சி.எல்-11ஏ அங்கே உட்கார்ந்து நூர்டு என்ற இயந்திரத்தை அழைக்கிறது. நூர்டு இரண்டு வேலை தெரிந்த ஆள். ஒரு பாகம் நியூக்ளியோசோமை நகர்த்தி வாசலை மறைக்கும். இன்னொரு பாகம் ஹிஸ்டோன்களின் வால்களில் உள்ள அசிட்டைல் குறிகளை அகற்றும். இந்தக் குறிகள் ஹிஸ்டோனின் நேர்மின் தன்மையைக் குறைத்து டி.என்.ஏ. பிடியைத் தளர்த்துபவை. அவை போய்விட்டால் பிடி மறுபடி இறுகும். ஆறு மாதக் குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் நடப்பது இதுதான்.

மஜ்ஜையில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, ஜீனும் கிடையாது. முதிரும் தறுவாயில் அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே திறப்பது மூடுவது எல்லாம் மஜ்ஜையிலேயே, அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அபூர்வமாகச் சில குடும்பங்களில் அந்த ஆறெழுத்து முகவரியிலேயே மாற்றம் இருக்கும். பி.சி.எல்-11ஏ வந்து தேடும், உட்கார இடம் கிடைக்காது. விளைவு, காமா ஆயுள் முழுக்க ஓடும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அப்படிப்பட்ட மாற்றத்தோடு தலசீமியாவும் சேர்ந்து வந்தவர்களுக்கு நோய் லேசாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். பழுதான பீட்டாவைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, தூங்கும் காமாவை எழுப்பலாமே என்ற யோசனை இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அப்படியானால் பி.சி.எல்-11ஏ ஜீனையே அழித்துவிடலாமா? கூடாது. நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகைக்கும் மூளை வளர்ச்சிக்கும் அது வேண்டும். இங்கேயும் காட்டா-1தான் வழிவிட்டது. பி.சி.எல்-11ஏ ஜீனுக்குள்ளேயே என்ஹான்சர் என்ற ஊக்கப் பகுதி ஒன்று இருக்கிறது. அது சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் வேலை செய்வது, ஏனென்றால் அங்கே உட்காருவது காட்டா-1. நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற ஜீன் கத்தரியால் அந்த ஒரு காட்டா முகவரியை வெட்டிவிட்டால் போதும். சிவப்பணு வம்சத்தில் மட்டும் பி.சி.எல்-11ஏ குறையும், காமா திறக்கும், மற்ற உறுப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. காஸ்கெவி என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. கிரிஸ்பரை வைத்துச் செய்யும் சிகிச்சைகளில் உலகில் முதலில் அனுமதி பெற்றது இதுவே. அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவும் அனுமதித்தது.

விலையைச் சொன்னால் பெருமூச்சுதான் வரும். அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அதோடு, பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்து கொடுத்து அழித்த பிறகுதான் புதிய செல்களை ஏற்ற முடியும். பர்மாவில் ரத்தம் கிடைப்பதற்கே உறவினரையும் நண்பரையும் திரட்டும் குடும்பங்களுக்கு இது செய்தித்தாளில் படிக்கும் விஷயமாகத்தான் இருக்கிறது. கைக்கெட்டும் வழி திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. ஜாதகம் பார்க்கும் வீட்டில், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் பரிசோதனை ஒன்றும் செய்து பார்த்துவிடலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் வீடுகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். இருவரும் பீட்டா தலசீமியா தாங்கிகள், அதாவது நோய் இல்லாமல் பழுதான ஜீன் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்குக் கடும் நோய் வரும். ஒருவர் மட்டும் தாங்கி, மற்றவரிடம் பீட்டா தலசீமியாவோ ஹீமோகுளோபின் ‘ஈ’யோ இல்லை என்றால் கவலை இல்லை. இன்னொன்று, ரத்தம் குறைவு என்றவுடன் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடுவது நம்மிடம் வழக்கம். தலசீமியா பிள்ளைகளுக்கு ஏற்றும் ரத்தத்திலிருந்தே இரும்பு உடலில் சேர்ந்து கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது. மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரை வேண்டாம்.

விலை மலிவான வழியாக மாத்திரையாலேயே காமாவை எழுப்பும் முயற்சி பழசுதான். ஹைட்ராக்சியூரியா சிலருக்குக் காமாவைக் கொஞ்சம் ஏற்றுகிறது, தலசீமியாவில் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. படியெடுப்புக் காரணிகளை மருந்தால் பிடிப்பது கடினம் என்று நீண்ட காலம் நம்பினார்கள், மருந்து மூலக்கூறு போய் உட்காரத் தோதான பள்ளம் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. 2024இல் வேறொரு வழி வெளியானது. காமாவை மூடி வைப்பதில் விஸ் என்ற இன்னொரு காரணிக்கும் பங்கு உண்டு. அதைத் தடுப்பதற்குப் பதிலாக, செல்லின் சொந்தக் கழிவகற்றும் ஏற்பாட்டிடமே ஒட்டவைத்து அழிக்கும் ஒரு சிறு மூலக்கூறை உருவாக்கினார்கள். வாய் வழியே கொடுத்தபோது குரங்குகளில் காமா வகை ஹீமோகுளோபின் ஏறியது. ஜீனில் ஒரு எழுத்தைக்கூட வெட்டவில்லை.